ஏரிக்கு மேல் அவள் திரும்பும் இடம்

ஹைதராபாத் வானத்துக்கு மூன்று நிறங்கள் உண்டு என்பது ஐம்பதை நெருங்கும் வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தால் தெரியாது. ட்ரோன் விடுகிறவர்களுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்தால் தெரியும். பச்சை என்றால் குறிப்பிட்ட உயரம் வரை யாரையும் கேட்காமல் பறக்கவிடலாம். மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு ஆட்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால்தான். சிவப்பு என்றால் மூச்சுக் காட்டக்கூடாது. மல்காஜ்கிரியில் எங்கள் அடுக்ககம் இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். சிவப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சிவப்புக்குக் கீழேதான் துணி உலர்த்தியிருக்கிறேன், வடாம் போட்டிருக்கிறேன், மொட்டை மாடியில் நின்று கணவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஒரு நாளும் யாரும் சொல்லவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பச்சையைத் தேடிப் போவோம். விடியும் முன்பே கிளம்பி, உப்பலைத் தாண்டி, வரங்கல் சாலையில் வெகுதூரம் போய், ஒரு மண்பாதையில் இறங்கினால், யாரும் பயிர் வைக்காத ஒரு மேடு வரும். சுற்றிலும் உருண்டைப் பாறைகள். தள்ளி ஒரு பனங்கூட்டம். வண்டியை நிறுத்திவிட்டுப் பையைப் பிரித்து, ட்ரோனின் மடக்கிய கைகளை விரித்து, தட்டையான ஒரு பாறையின் மேல் வைப்பேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு கொய்யாப்பழ எடை இருக்கும். வயிற்றில் அதன் பதிவு எண்ணை ஒட்டியிருக்கிறேன். அந்த எண்ணை வாங்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் பெரிய விமானமே வாங்கியிருக்கலாமே என்பீர்கள்.

அது கிளம்பி என் நெற்றிக்கு நேரே ஒரு கணம் நிற்கும். திரையில் முதலில் என் முகம் தெரியும், பிறகு வகிடும் நரையும் தெரியும். பிறகு நான் ஒரு புள்ளி. பாறைகள், மண்பாதை, எங்கோ ஒரு கிணறு, அதன் பக்கத்தில் உலரும் மிளகாய், எல்லாம் சத்தமில்லாமல் என்னை விட்டு விலகிக் கீழே போகும். அந்த நேரத்தில் எனக்கு உடம்பு இருப்பதே மறந்துபோகும். முழங்கால் வலி, மாத இறுதிக்குள் முடிக்க வேண்டிய வேலை, எல்லாம் கீழே நிற்கும் அந்தப் புள்ளிக்குத்தான். நான் வேறு எங்கோ மிதந்துகொண்டிருப்பேன். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் சில காலைகளில் ஒரு நிமிடம் கிடைக்குமே, அதை நீட்டிப் பிடித்துக்கொண்டது போல இருக்கும்.

திரையைப் பார்க்கிறவரால் வானத்தைப் பார்க்க முடியாது. ட்ரோன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, பறவையோ விமானமோ வருகிறதா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பது நல்லது. அந்த வேலை என் கணவருக்கு. ரயில்வேயில் இருக்கிறார். அவருடைய தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். தக்கணி உருதும் தெலுங்கும் ஊறிய தமிழ் அவருடையது. பருந்து வருகிறதா பாருங்கள் என்று நான் கேட்டால், ஹவ், ஆமா, வருது, என்ன அழகா வருது பாரேன் என்பார். அதற்குள் பருந்து ட்ரோனின் வாலுக்கே வந்திருக்கும். இவரைக் காவலுக்கு வைத்தால் உருப்பட்ட மாதிரிதான் என்று திட்டிக்கொண்டே அவசரமாக இறக்குவேன். அவர் அப்போதும் பருந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் ட்ரோன் வாங்கியதே எங்கள் மகளால்தான். கல்லூரியை முடித்ததும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். நகரத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஓடுதளம் இருக்கிறது. பெரிய விமானங்கள் எட்டிப்பார்க்காத இடம். ஒற்றை விசிறி வைத்த இரண்டு இருக்கை விமானங்கள் காலையில் வரிசையாகக் கிளம்பி, இடது பக்கமாகவே நான்கு முறை திரும்பி, வந்து தரையைத் தொட்டு, மறுபடி கிளம்பும். அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் ஒற்றைப் பட்டை. வெயிலில் கறுத்து, பசியோடு வருவாள். எப்படி இருந்தது என்று கேட்டால் ம்ம் என்பாள். அவ்வளவு உயரத்தில் எதைப் பார்த்தாள், எது அவளைப் பயமுறுத்தியது, ஒன்றையும் சொல்ல மாட்டாள். அவள் பார்க்கிறதில் ஒரு துளியாவது எனக்கும் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசையில்தான் வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்த அன்று அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, வரைபடத்தைத் திறந்து, அவளுடைய ஓடுதளத்தைச் சுற்றிச் சிவந்து கிடந்த வட்டத்தைக் காட்டினாள். அங்கே ஒரு பறவை மோதினாலே பெரிய விஷயம், இது பேட்டரி வைத்த பறவை என்றாள். விமானம் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும், அவர்களுக்கு நம்மைத் தெரியவே தெரியாது என்றாள். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று நாக்குக்குத் தோன்றியதில் வரும். நான் பேசுவதோ இத்தனை வருடம் கழித்தும் பாளையங்கோட்டைத் தமிழ். கடைசியில் மூன்று மொழியையும் கலந்து ஒன்று சொன்னாள்.

"அம்மா, நீ ஃபன்னுக்கு விடுறே. நேனு அதே ஏர்ல இருக்கேன். அது யாத் ரக்கோ."

அவளும் அதே காற்றில்தான் இருக்கிறாள் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டேன். நான் கச்சிபௌலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விதி என்று ஒன்றை எழுதிவைத்தால் அதைக் கடைசி எழுத்து வரை படிக்கிற ஜென்மம். யாராவது பெரிய மனிதர் ஊருக்கு வந்தால் காலையில் பச்சையாக இருந்த இடம் திடீரென்று சிவந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் பாறையின் மேல் ட்ரோனை வைத்த பிறகு மறுபடி வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன். ஒருமுறை அப்படிச் சிவந்துகிடந்ததால் அவ்வளவு தூரம் போய்விட்டு, கொண்டுபோன இட்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறோம். மகளுடைய ஓடுதளம் இருக்கிற திசைக்கு ட்ரோன் பையை எடுத்துக்கொண்டு நான் போனதே கிடையாது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் அவளுடைய சோலோ. பயிற்சியில் ஒரு நாள் வரும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் விமானத்தை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிடுவார். நீ போய்விட்டு வா என்பார். தனியாக ஒரு சுற்று. அதுதான் சோலோ. அதைக் கடந்தால்தான் மற்றதெல்லாம். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் கடந்துவிட்டார்கள். இவளுக்கு ஒருமுறை காற்றால் தள்ளிப்போனது, இன்னொருமுறை இவளே கைநடுங்கி இன்றைக்கு வேண்டாம் என்று இறங்கிவிட்டாள். மே மாதம் முடியப் போகிறது. மழை மேகம் வந்து உட்கார்ந்துவிட்டால் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. இந்தத் தடவையும் இல்லையென்றால் நான் விட்டுவிடுகிறேன், எனக்கு இது வராது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இருட்டோடு கிளம்பிப் போனாள். வீட்டில் இருந்தால் பயத்தில் எதையாவது உடைத்துவிடுவேன் என்று நானும் கணவரை இழுத்துக்கொண்டு வழக்கமான மேட்டுக்குப் போனேன். அன்று காற்றே இல்லை. ட்ரோனை மேலே நிறுத்திவிட்டுத் திரையில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பனைகளின் நிழல் நீண்டு கிடந்தது. ஊருக்கு எதிர்ப்பக்கத்தில் இதே வெளிச்சத்தில் அவள் போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையின் இரண்டு ஓரங்களில் இருப்பது போலத் தோன்றியது. நெஞ்சு நிறைந்து போய், சீக்கிரமே இறக்கிப் பையில் வைத்தேன்.

மதியத்துக்கு மேல் அவள் வந்தாள். சட்டை கசங்கவில்லை, கண் சிவந்திருந்தது. நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் அப்பாவிடம் அவள் சொல்வது கேட்டது. ஆசிரியர் இறங்கிக்கொண்டார். இவள் தனியாக ஓடுதளத்தின் முனை வரை ஓட்டிப்போய் நின்றுவிட்டாள். கை நடுங்கவில்லையாம். போ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்போது இறங்கிக்கொண்டிருந்த இன்னொரு விமானத்திலிருந்து, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ட்ரோன் பறக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். எல்லா விமானங்களையும் உடனே இறக்கினார்கள். இவளைத் திரும்பி வரச் சொன்னார்கள். தரையிலேயே போய்த் தரையிலேயே திரும்பி வந்திருக்கிறாள்.

சொல்லி முடித்துவிட்டுக் கைகழுவ வந்தவள் சமையலறை வாசலில் நின்றாள். கதவுக்குப் பக்கத்தில் என் ட்ரோன் பை இருந்தது. அடியில் செம்மண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அது நீயா?"

சுத்தமான தமிழில் கேட்டாள். அவள் வாயிலிருந்து வேற்றுமொழி கலக்காமல் ஒரு வாக்கியம் வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அது இப்படியா வர வேண்டும்?

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வாய் இல்லாமல் இல்லை, அதை எங்கள் அடுக்ககமே அறியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ட்ரோன் போன வழியெல்லாம் கைப்பேசியில் பதிந்திருக்கும், எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் இல்லை என்று சொன்னால், அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று நானே ஒத்துக்கொண்டது ஆகிவிடும் என்று தோன்றியது. பெற்ற தாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து ஓய்ந்தபோது அவள் அங்கே இல்லை.

கணவருக்கு மனசு கேட்கவில்லை. கைக்குமா, எதுக்கு இவ்ளோ கோவம், நானும் கூடத்தானே இருந்தேன், ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு என்றார். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆணையிட்டேன். அவளாகவே தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் சொல்லித் தெரிய வேண்டாம். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். எங்கள் அம்மா ஒருமுறை தன்மேல் விழுந்த சந்தேகத்துக்குப் பதில் சொல்லாமலே சொந்தத் தங்கையோடு பல வருடம் பேசாமல் இருந்தாள். அந்த ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது. நக்கோ பாபா, வேணாம், நான் ஒண்ணும் சொல்லலே என்று அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன் விரித்துக்கொண்டார்.

அந்த வாரம் வீட்டில் குக்கர் விசில்தான் பேசியது. மகள் எனக்கு முன்பாகச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை காலை மறுபடி சோலோவுக்கு அனுப்பப் பார்ப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார் என்று கணவர் மூலம் தெரிந்தது. வானம் அதுவரை தாங்க வேண்டும். மேற்கே சாயங்காலங்களில் மேகம் திரள ஆரம்பித்திருந்தது. எனக்கோ மேகத்தைவிட அந்த ட்ரோன்தான் மனதில் நின்றது. அன்று விட்டவன் சனிக்கிழமையும் விட்டால்?

அலுவலகத்தில் யாரோ அமெரிக்காவிலிருந்து பேசிக்கொண்டிருக்க, நான் ஒலியை அடைத்துவிட்டு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விமானங்கள் இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பி வந்து, கடைசியாக ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் இடம் சரியாக ஒரு ஏரியின் மேல் இருந்தது. அங்கே விமானம் தாழ்வாக வரும். ஏரிக்கரையில் ஒரு பக்கம் பண்ணை வீடுகள். கரையெல்லாம் புல். சிவப்புக்கு நடுவில் அந்த ஏரி நீலமாக, ஒன்றும் அறியாத மாதிரி கிடந்தது. இந்த ஊரில் இப்போது கல்யாணத்துக்கு முன்னாடியே படம் பிடிக்கிறார்கள். ஏரி, புல், வெட்டவெளி, வாடகை இல்லாத இடம் என்றால் விடுவார்களா? கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். மீட்டிங்கில் இருந்தவர்கள் நான் அவர்களுக்குத்தான் சம்மதம் சொல்கிறேன் என்று நினைத்துக் கூடுதல் வேலை ஒன்றை என் தலையில் கட்டினார்கள்.

சனிக்கிழமை அவள் கிளம்பிப் போனதும் நானும் ஸ்கூட்டரை எடுத்தேன். ட்ரோன் அலமாரியில் இருந்தது. காய்கறி வாங்கப் போகிறேன் என்றேன். கணவர் என் வெறுங்கையைப் பார்த்தார், பையைக்கூட எடுக்கவில்லையே என்று கேட்கவில்லை.

ஏரி பாதி வற்றியிருந்தது. தண்ணீர் விலகிய இடமெல்லாம் பசும்புல். பனி மாதிரி ஒரு புகை அதன் மேல் நின்றது. கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அது பனி இல்லை, ஊதா நிறப் புகைக்குச்சியைக் கொளுத்தி விட்டிருக்கிறார்கள். அந்தப் புகைக்குள் ஒரு பெண் நின்றாள். ரத்தச் சிவப்பில் ஒரு கவுன். அதன் பின்பகுதி புல்லின் மேல் பத்துப் பேர் படுக்கிற அளவுக்கு விரிந்து கிடந்தது. பக்கத்தில் கோட்டுப் போட்டு வியர்த்து வழியும் மாப்பிள்ளை. அவர்களுக்கு மேலே தேனீக் கூட்டம் போன்ற அந்தச் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா?

வழியெல்லாம் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று வசவை அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். படம்பிடிக்கிறவர் தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு முப்பது வயதுக்காரர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஆன்ட்டி, ஷாட்டில் வந்துவிட்டீர்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார். நான் கைப்பேசியை அவருடைய திரைக்கு முன்னால் நீட்டி, பாருங்கள், சிவப்பு, இங்கே விடவே கூடாது என்றேன். இது சின்னதுதான் ஆன்ட்டி, உயரமாகப் போகாது, ஒரு சுற்று எடுத்துவிட்டு இறக்கிவிடுகிறேன் என்றார். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. அவசரத்தில் இருக்கிறவர், அவ்வளவுதான்.

அப்போது ஓடுதளத்துப் பக்கமிருந்து விமான விசிறியின் சத்தம் கேட்டது. மெல்லிய, ஒரே சீரான சத்தம். அடுக்கி வைத்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் காய்கறிக்கடைத் தெலுங்கில் ஒன்றுதான் வந்தது.

"பைன மா அம்மாயி உந்தண்டி."

மேலே என் மகள் இருக்கிறாள். அவர் முதல்முறையாகத் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு ட்ரோனைக் கிடுகிடுவென்று கீழே இறக்கினார். அது புல்லைத் தொட்டு விசிறி அடங்கியதும் ஏரிக்கரை முழுக்க அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள் விமானத்தின் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வெள்ளையாக, கரையோரமாகவே வந்தது. நாங்கள் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். தண்ணீருக்கு மேலே வந்ததும் இடது இறக்கை தாழ்ந்தது. சத்தம் குறைந்தது. வானத்தில் ஒரு கணம் அப்படியே சாய்ந்து நின்றது போல இருந்தது. ஏரியிலும் ஒரு வெள்ளை விமானம் சாய்ந்து போனது. பிறகு நிமிர்ந்து, ஓடுதளம் இருக்கும் பக்கம் இறங்கி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. கல்யாணப்பெண் என்னைப் பார்த்து, உங்கள் பெண்ணா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? எல்லா விமானமும் வெள்ளை. ஆமாம் என்றேன். அவள் கையை உயர்த்தி ஆட்டினாள். அதன்பின் இன்னொன்று வந்தது, இன்னொன்றும் வந்தது. நான் எல்லாவற்றுக்கும் கையாட்டினேன். எல்லாவற்றிலும் என் மகள்தான் இருந்தாள்.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஃப்ளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு வாய் டீ கொடுத்தார்கள். படம்பிடிக்கிறவர் புல்லில் மல்லாந்து படுத்து, கீழேயிருந்தே கேமராவில் ஜோடியை எடுத்தார். பின்னால் வானம். போன ஞாயிற்றுக்கிழமையும் இங்கேதான் வந்தீர்களா என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். ஆமாம் ஆன்ட்டி, வேறு ஜோடி, இதே இடம் என்றார். அன்று அதனால் விமானங்கள் எல்லாம் நின்றுபோனதைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் சுண்டிவிட்டது. அந்த வரைபடத்தை எப்படித் திறப்பது என்று கேட்டுத் தன் கைப்பேசியிலும் போட்டுக்கொண்டார். ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கடைசி விமானமும் இறங்கி அடங்கும் வரை நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் கிடைத்தாயிற்று. அவரே வாயால் ஒத்துக்கொண்டாயிற்று. வீட்டுக்குப் போய், பார்த்தாயா என்று அவள் முன்னால் வைக்க வேண்டியதுதான். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஒவ்வொரு சிக்னலிலும் யோசித்தேன்.

நான் வந்து கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். சட்டை உடம்போடு ஒட்டி, கூந்தலில் இருந்து தண்ணீர் சொட்டி, வாசல் மிதியடியெல்லாம் ஈரம். சோலோ முடித்தவர்களை நிற்கவைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று முன்பு எப்போதோ சொல்லியிருக்கிறாள். கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நான் துண்டை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரமாகப் பேசாதவள் என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள்.

துவட்டத் துவட்டப் பேச ஆரம்பித்தாள். ஆசிரியர் இறங்கியதும் பக்கத்து இருக்கை அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததாம். ஒரு ஆள் எடை குறைந்ததால் விமானம் சட்டென்று மேலே தாவிவிட்டதாம், அப்போது தான் சிரித்துவிட்டதாகச் சொன்னாள். மேலே யாருமே இல்லை, அவ்வளவு அமைதி, இறங்கவே மனசில்லை என்றாள். இத்தனை மாதமாக ம்ம் என்று சொன்னவள், கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசித் திருப்பத்தில் ஏரி எங்கே முடிகிறது என்று தெரியாதபடி வெயிலில் கண் கூசிவிட்டதாம்.

"லேக் பக்கத்துல ரெட்டா பெரிய துணி மாதிரி ஏதோ விரிச்சிருந்தாங்கம்மா. அதைப் பாத்துத்தான் திரும்பினேன்."

என் கை நின்றுவிட்டது. அப்படியானால் அது அவள்தான். நான் பார்த்தவற்றில் ஏதோ ஒன்று அவள்தான். இதுதான் சமயம் என்று செருமிக்கொண்டேன்.

"ஏட்டி, போன ஞாயித்துக்கெழம இருக்குல்லா..."

"தெரியும்மா."

கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். நான் பேசாமல் இருந்ததிலேயே தெரிந்துவிட்டதாம். அங்கே ட்ரோன் விட்டது நானாக இருந்தால், ஆமாம் நான்தான், இப்போ அதுக்கு என்ன என்று அந்த நிமிடமே கத்தியிருப்பேனாம். விடவில்லை, அதனால்தான் வாயை மூடிக்கொண்டு ரசம் தாளித்தேனாம். அப்படியானால் ஒரு வாரம் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, என்னால் அடக்க முடியவில்லை. அவள் துண்டின் நுனியை விரலில் சுற்றினாள். பிறகு எனக்காக ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்துத் தமிழிலேயே சொன்னாள்.

"அன்னைக்கு அங்க எல்லார் முன்னாடியும் கேட்டாங்கம்மா, உங்க வீட்டில ட்ரோன் இருக்குல்லன்னு. இருக்கு, ஆனா எங்கம்மா பண்ண மாட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து மண்ணைப் பாத்ததும் பயந்துட்டேன். கேட்டுட்டேன். கேட்டப்புறம் உன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல."

ஏரிக்கரைக்குப் போனதை நான் அவளிடம் சொல்லவில்லை. துண்டை அவள் தலையோடு முகத்தையும் சேர்த்து மூடி அழுத்தித் துவட்டினேன், என் முகம் அவளுக்குத் தெரியாதபடி.